ஸ்விர்கா இல்லாத பூங்கா: வில்னியஸ் நாட்குறிப்பு

அக்டோபர் 29, புதன்

வில்னியஸ் பழைய நகரத்தின் மேற்கு விளிம்பில் பீலிமோ தெரு ஓடுகிறது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் இருந்த வரிசை. இப்போது அதில் டிராலிபஸ்கள் தலைக்கு மேலே கம்பியைச் சுரண்டிக்கொண்டு போகின்றன. இந்தத் தெருவும் பமேன்கால்னியோ தெருவும் சந்திக்கும் மூலையில் மேடேறிப் போகும் ஒரு சிறிய பூங்கா. லித்துவேனியாவுக்கு வருகிறவர்கள் யாரும் இதைப் பார்ப்பதற்கென்று வருவதில்லை. நான் வந்தது இதற்காகத்தான்.

இங்கே பெட்ராஸ் ஸ்விர்கா என்ற எழுத்தாளர் 1959 முதல் வெண்கலமாக நின்றுகொண்டிருந்தார். 2021 நவம்பர் 19, ஒரு வெள்ளிக்கிழமை, கிரேன் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அறுபத்திரண்டு ஆண்டுகள் நின்றிருக்கிறார். உயிரோடு இருந்தது முப்பத்தெட்டு ஆண்டுகள்தான்.

மதியம் மூன்றரை மணிக்குப் போனேன். உறைக்காத வெயில், உறைக்கும் குளிர். சரிவெல்லாம் மஞ்சள் இலை. ஓர் இளைஞன் நாயைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தான். சிலை எங்கே இருந்தது என்று கேட்டதற்கு முகவாயால் ஓரிடத்தைக் காட்டினான். "எங்கள் வீட்டில் இதற்காக ஒரு கிறிஸ்துமஸ் விருந்தே கெட்டது" என்றான். அப்பா எடுக்க வேண்டும் என்ற கட்சி, பாட்டி கூடாது என்ற கட்சி. "நீங்கள்?" என்றேன். "எனக்கு நாய் ஓட இடம் இருந்தால் போதும்." நாய் இலைக் குவியலைக் கலைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தது.

ஸ்விர்கா 1909-இல் நேமுனாஸ் ஆற்றங்கரையில், வெலியுவோனாவுக்கு அருகே கிளாங்கியாய் என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் படித்தது ஓவியம், கௌனாஸ் கலைப் பள்ளியில். பிறகு எழுத்து. 1934-இல் வந்த அவருடைய முதல் நாவலில் லித்துவேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகிறவன் பெயரை மாற்றிக்கொண்டு, பிணப்பெட்டி வியாபாரத்தில் கொழிக்கிறான். அடுத்த ஆண்டே நிலச் சீர்திருத்தத்தில் துண்டு நிலம் பெற்ற ஓர் ஏழைத் தம்பதியைப் பற்றி இன்னொரு நாவல். அதற்கு அடுத்த ஆண்டு, கிராமத்துத் தச்சரும் தையற்காரரும் வரும் சிரிப்பும் வருத்தமுமான மூன்றாவது நாவல். இருபத்தேழு வயதுக்குள் மூன்று முக்கியமான நாவல்கள். குழந்தைகளுக்கான கதைகள் தனி.

அப்புறம் 1940. ஜூன் 15 அன்று சோவியத் படை நாட்டுக்குள் நுழைந்தது. ஜூலையில் ஒரே ஒரு பட்டியலுக்கு வாக்களிக்கும் தேர்தல் நடத்தி 'மக்கள் சபை' ஒன்றை உண்டாக்கினார்கள். அந்தச் சபை, எங்களைச் சோவியத் ஒன்றியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க இருபது பேரை மாஸ்கோவுக்கு அனுப்பியது. ஆகஸ்ட் 3 அன்று லித்துவேனியா என்ற நாடு சட்டப்படி காணாமல் போனது. அந்த இருபது பேரில் ஸ்விர்காவும் ஒருவர். ஸ்டாலினின் சூரியனைக் கொண்டுவரப் போனவர்கள் என்று இங்கே இன்றும் அவர்களைக் குத்திச் சொல்கிறார்கள். அடுத்த ஜூனில், 1941-இல், அந்தச் சூரியன் தன் வேலையைக் காட்டியது. குழந்தைகள் உட்பட சுமார் 17,000 பேரை ஒரு வாரத்துக்குள் ரயில் பெட்டிகளில் ஏற்றி ரஷ்யாவின் உள்பகுதிகளுக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பினார்கள்.

இவ்வளவு தெரிந்துகொண்டு அந்தச் சரிவில் நின்றால் இரக்கம் வருவது கடினம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. சிலை யாருக்கு வைத்தார்கள்? மூன்று நாவல் எழுதிய இளைஞனுக்கா, மாஸ்கோவுக்கு ரயிலேறியவருக்கா?

அக்டோபர் 30, வியாழன்

தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. பள்ளியில் லித்துவேனிய மொழியும் இலக்கியமும் கற்பித்தவர். காலையில் கறுப்பு ரொட்டியும் வெண்ணெயும் வைத்துவிட்டு, நேற்று எங்கே போனாய் என்று கேட்டார். சொன்னேன். ரொட்டி வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அவர் கதைகளை நான் முப்பது ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். நன்றாக எழுதுவார். அதைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை."

நன்றாக எழுதாத எத்தனையோ பேர் கட்சிக்குச் சேவகம் செய்தார்கள், அவர்களை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை என்றார். போர்க்காலத்தில் ஊதுகுழலில் பறவையைப் போல ஊதி, ஜெர்மன் சிப்பாய்களைக் காட்டுக்குள் அழைத்துப் போய்ச் சிக்கவைக்கும் ஒரு சிறுவனைப் பற்றி ஸ்விர்கா எழுதிய கதை சோவியத் பள்ளிப் பாடநூல்களில் இருந்தது. வகுப்பில் அதைப் படிக்கும்போது பையன்கள் மூச்சுவிட மறந்து கேட்பார்களாம்.

அவர் கொடுத்த யோசனைப்படி இன்று நிற்கிற சிலைகளைப் பார்க்கக் கிளம்பினேன். எடுக்கப்பட்டதை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும் என்றார். சரியாகத்தான் சொன்னார்.

முதலில் ஆடம் மிட்ஸ்கேவிச். போலந்து மொழியில் எழுதியவர், லித்துவேனியாவைத் தாய்நாடாகப் பாடியவர். புனித அன்னாள் தேவாலயத்தின் செங்கல் ஊசிகளுக்குப் பக்கத்தில் ஒரு தூணில் சாய்ந்து நிற்கிறார். சிற்பி கெடிமினாஸ் யோகுபோனிஸ், ஆண்டு 1984. அதாவது இதுவும் சோவியத் காலச் சிலைதான். ஆனால் 1987 ஆகஸ்ட் 23 அன்று, ஹிட்லரும் ஸ்டாலினும் கிழக்கு ஐரோப்பாவைப் பங்குபோட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின் ஆண்டு நாளில், பல நூறு பேர் இந்தச் சிலையடியில் கூடி அந்த ஒப்பந்தத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். கூட்டத்தைச் சுற்றிலும் கே.ஜி.பி. ஆட்கள். விடுதலைக்கு முந்தைய முதல் பெரிய துணிச்சல் இங்கேதான் நடந்தது. அரசு வைத்த கவிஞரின் காலடியிலேயே அரசுக்கு எதிராகக் கூடியிருக்கிறார்கள்! பள்ளிப் பிள்ளைகள் சிலர் அதே படியில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்து கெடிமினாஸ் பெருஞ்சாலையில் ஜெமாய்தே. 1845-இல் பிறந்து, ஐம்பதை நெருங்கும் வயதில் அச்சில் முதல் கதையைப் பார்த்த பெண் எழுத்தாளர். தலையில் முக்காடு, கிராமத்துக் கிழவிக்குரிய உட்காரல். இதுவும் சோவியத் ஆண்டுகளில் வைத்ததுதான். இதை எடுக்க வேண்டும் என்று யாரும் முஷ்டி உயர்த்துவதில்லை.

ஆக, சோவியத் காலத்துச் சிலை என்பதாலேயே ஸ்விர்கா போகவில்லை. வெளிநாட்டுச் செய்திகளில் இந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது. பழையதையெல்லாம் வெறிபிடித்து உடைக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் எழுதுகிறது, களை பிடுங்குகிறார்கள் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் ஜெமாய்தேயின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்ததில்லை என்று நினைக்கிறேன்.

பிற்பகலில் நேரிஸ் ஆற்றின் பசுமைப் பாலம். அதன் நான்கு மூலைகளிலும் 1952 முதல் நின்ற சிற்பத் தொகுதிகளை, சிப்பாய்கள், தொழிலாளர், உழவர், மாணவர் என நான்கையும், 2015 ஜூலையில் இறக்கினார்கள். இப்போது மூலைகளில் பூத்தொட்டி. மாணவர் தொகுதியைச் செய்தவர்களில் ஒருவர் யுவோசாஸ் மிகேனாஸ். ஸ்விர்கா சிலையைச் செய்ததும் அவரே. 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் சுதந்திர லித்துவேனியாவுக்காக, கன்னத்தில் கைவைத்துக் கவலையோடு அமர்ந்திருக்கும் கிறிஸ்துவைச் செதுக்கியவரும் அதே மிகேனாஸ். நாட்டார் மரச்சிற்பங்களில் வழிவழியாக வரும் உருவம் அது. பிறகு ஆட்சி மாறியது. உளி மாறவில்லை.

அவருடைய கடைசிப் படைப்புகளில் ஒன்று ஆற்றங்கரையில் இன்றும் இருக்கிறது. உயர்த்திய கைகளோடு வானம் பார்க்கும் ஓர் இளம்பெண், கைகளில் பறவைகள், பெயர் 'முதல் தைலான் குருவிகள்'. விண்வெளிப் பயணத்தின் உற்சாகத்தில் செய்தது. இரண்டை இழந்து ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டார் மிகேனாஸ். 2021 விவாதத்தில் ஸ்விர்கா சிலையை விட்டுவைக்கச் சொன்னவர்களில் பலர் ஸ்விர்காவுக்காகப் பேசவில்லை, இந்தக் கைக்காகவே பேசினார்கள். பண்பாட்டு அமைச்சகம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலிலிருந்து அதை நீக்கிய பிறகே நகராட்சியால் தொட முடிந்தது.

அந்த ஆண்டுக் கோடையில் இரண்டு பெண் கலைஞர்கள் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சிலையை உச்சந்தலை முதல் பாதம் வரை பாசியால் மூடிவிட்டார்கள். படங்களைப் பார்த்திருக்கிறேன். மூக்கு தெரியவில்லை, கண் தெரியவில்லை, பச்சையாக ஓர் ஆள் உருவம். போற்றவும் இல்லை, உடைக்கவும் இல்லை. அதிகாரிகள் ரசிக்கவில்லை. பாசி போனது, பின்னாலேயே சிலையும் போனது. என்னைக் கேட்டால் பாசியோடு விட்டிருக்கலாம். என்னை யார் கேட்டார்கள்?

அக்டோபர் 31, வெள்ளி

தெற்கே இரண்டு மணி நேர பஸ் பயணம். இருபுறமும் பைன் மரக் காடு, நடுவே ஈரமான வயல். துருஸ்கினின்கை என்ற கனிம நீர் ஊற்று நகரத்துக்குச் சற்று முன்னால் குரூட்டாஸ். நாடெங்கும் இறக்கப்பட்ட லெனின்களும் ஸ்டாலின்களும் வந்து சேர்ந்த இடம்.

இதை உண்டாக்கிய விலியுமாஸ் மலினௌஸ்காஸ் காளான் வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். 2001 ஏப்ரல் 1 அன்று திறந்தார். அந்த ஆண்டே இக் நோபல் அமைதிப் பரிசும் கிடைத்தது. நோபலைக் கிண்டல் செய்து தருகிற பரிசு அது. பார்வையாளர்களை நாடுகடத்தல் காலத்து ரயில் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்லவேளை, அனுமதி கிடைக்கவில்லை. உண்மையில் அப்படிப் போனவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் பலருக்கு இந்தப் பூங்காவே பிடிக்கவில்லை.

முள்கம்பி, காவல் கோபுரம், மரப்பலகை நடைபாதை. ஒலிபெருக்கியில் சோவியத் அணிவகுப்புப் பாட்டு. சதுப்பு மண்ணில் நனைந்த சருகு, அதற்கு மேலே ஒரு பெரிய வெண்கல மேலங்கி, அண்ணாந்தால் லெனின். வில்னியஸ் லுகிஷ்கேஸ் சதுக்கத்தில் நின்றவர் இவர்தான். 1991 ஆகஸ்ட் 23 அன்று கிரேன் தூக்கியபோது முழங்கால் அருகே முறிந்து, கால்கள் பீடத்திலேயே நின்றுவிட, உடல் மட்டும் அந்தரத்தில் ஆடியது. உலகமெங்கும் அந்தப் படம் போனது. குனிந்து முழங்காலைப் பார்த்தேன். ஒட்டிச் சரிசெய்திருக்கிறார்கள். குளிரில் விரைத்த விரலால் அந்தக் கோட்டைத் தடவ நினைத்தேன், எட்டவில்லை.

ஸ்டாலினும் இருக்கிறார், ஒரு காலத்தில் வில்னியஸ் ரயில் நிலையத்தின் முன் நின்றவர். ஒரு குடும்பம் அவர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தது. குழந்தைக்கு இரண்டு வயதிருக்கும், அழுதது. நியாயமான விமர்சனம்.

எனக்குச் சிலைகளைவிட நெஞ்சில் தைத்தது நூலக அறை. மரக் கட்டடம், மங்கல் வெளிச்சம், அடுக்கடுக்காகச் சோவியத் இதழ்களும் நூல்களும். அந்தக் கெட்டி அட்டை, அந்த எழுத்துரு, அந்த வாசனை எல்லாம் எனக்குத் தெரியும். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தில் சில்லறைக் காசுக்கு வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை நான். அந்த நூல்களில் லித்துவேனியரும் உஸ்பெக்கியரும் ஜார்ஜியரும் கைகோத்து நின்றார்கள். அவர்கள் எப்படி அந்த வரிசைக்கு வந்தார்கள் என்பது எந்த முன்னுரையிலும் இல்லை. அந்த நூல்கள் தந்த வாசிப்பு இன்பத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் முன்னுரை எழுதியவர்கள் மேல் இன்று கோபம் வருகிறது.

உணவகத்தில் போர்ஷ்ட் சூப். நன்றாக இருந்தது. கடைசி பஸ்ஸில் திரும்பினேன்.

நவம்பர் 1, சனி

இன்று எல்லாப் புனிதர்கள் நாள், அரசு விடுமுறை. ஊரே கல்லறைக்குப் போகிறது. வீட்டுக்கார அம்மாள் என்னையும் ராசோஸ் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் சாமந்தித் தொட்டிகளும் கண்ணாடிக் கூடு போட்ட மெழுகுவத்திகளும் விற்கிறார்கள். காற்றில் அணையாத வகை எது என்று விற்கிறவரோடு நீண்ட வாதம் செய்து நான்கு வாங்கினார்.

ராசோஸ் மேடும் பள்ளமுமான இடம். நுழைந்ததும் போலந்துத் தலைவர் பில்சுட்ஸ்கியின் இதயம், அவருடைய தாயின் உடலோடு ஒரே கறுப்புக் கல்லின் கீழே. இன்னும் உள்ளே, 1918 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட யோனாஸ் பசானாவிச்சியஸ். ஓவியரும் இசையமைப்பாளருமான சுர்லியோனிஸ். எல்லார் மேலும் விளக்குக் கூட்டம்.

அம்மாளின் முதல் மெழுகுவத்தி பலிஸ் ஸ்ருவோகாவுக்கு. நாடகப் பேராசிரியர். ஜெர்மானியர் 1943-இல் அவரை ஸ்டூட்ஹோஃப் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்துத் திரும்பி, 1945-இல் அந்த முகாமைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அழுகை இல்லை, கசப்பான நக்கல். அதுதான் கோளாறாகிவிட்டது. வதைபட்டவர் வீரத்தோடு எழுத வேண்டும், இவர் எப்படிக் கேலி செய்யலாம்? 1946-இல் நடந்த எழுத்தாளர் கூட்டத்தில் கட்சிப் பொறுப்பாளர்கள் அவரைக் கிழித்தெறிந்தார்கள். நூல் அச்சாகவில்லை. 1947 அக்டோபரில் இறந்தார். நூல் 1957-இல்தான் வந்தது.

"அந்தக் கூட்டம் நடந்தபோது எழுத்தாளர் சங்கத் தலைவர் யார் தெரியுமா?" என்றார் அம்மாள்.

தெரியும். 1945 முதல் சாகும்வரை ஸ்விர்காதான் தலைவர். அதே 1946-இல் கசீஸ் போருட்டா என்ற நாவலாசிரியரையும் சிறையில் போட்டார்கள். முந்தைய ஆட்சியிலும் இடதுசாரி என்று சிறை பார்த்தவர் அவர்.

ஸ்விர்காவும் 1947-இல்தான் இறந்தார், மே மாதத்தில். அவரும் இதே ராசோஸில்தான் இருக்கிறார். தேடிப் போனோம். அங்கேயும் மெழுகுவத்திகள் எரிந்தன, குறைவாக. ஒன்று புதிதாக ஏற்றியது, மெழுகு உருகத் தொடங்கியிருக்கவில்லை.

"உங்களிடம் இன்னும் ஒன்று இருக்கிறதே" என்றேன்.

"அது என் அத்தைக்கு. பதினாறு வயதில் சைபீரியா போனாள்" என்றார். பிறகு, நான் கேட்காமலே: "கல்லறையில் யாரும் கைவைக்கச் சொல்லவில்லை. புத்தகத்தையும் எரிக்கச் சொல்லவில்லை. என் பேரனுக்கு அவருடைய குழந்தைக் கதைகளை நான்தான் வாசித்துக் காட்டினேன். ஊருக்கு நடுவில் மேடையில் நிற்க வேண்டாம், அவ்வளவுதான்."

பூங்காச் சரிவில் எனக்குள் எழுந்த கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும். 1934, 1935, 1936: மூன்று நாவல்களும் சுதந்திர லித்துவேனியாவில், அதைக் கேலி செய்தும் கேள்வி கேட்டும் எழுதியவை. அந்த நாடு அவரை எழுதவிட்டது. 1940-க்குப் பிறகு அந்த அளவுக்கு ஒரு நாவல் அவரிடமிருந்து வரவில்லை. நாவலாசிரியருக்கு வைத்த சிலையாக இருந்தால் 1940-க்கு முந்தைய ஸ்விர்காவுக்கு வைத்திருக்க வேண்டும். அவர்கள் வைத்தது, மாஸ்கோவுக்கு ரயிலேறிய தலைவருக்கு. நாவல்களை அலங்காரத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். எடுத்தது சரிதான் என்று இன்று தோன்றுகிறது. பாசி விஷயத்தில் மட்டும் என் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. பமேன்கால்னியோ தெருவில் மேலே நடந்தால் வெங்க்ளோவா குடும்பத்தின் வீடு, இப்போது அருங்காட்சியகம். அப்பா அந்தானாஸ் வெங்க்ளோவா, மாஸ்கோ போன இருபதில் ஒருவர். சோவியத் லித்துவேனியாவின் கீதத்தை எழுதியவர். மகன் தோமாஸ் வெங்க்ளோவா கவிஞர். 1976-இல் மனித உரிமைக்கான லித்துவேனிய ஹெல்சிங்கி குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், அடுத்த ஆண்டு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது, பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஒரே கூரைக்குக் கீழே கீதமும் எதிர்ப்பும். ஸ்விர்காவுக்கு இன்னும் இருபது ஆண்டு ஆயுள் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசிக்கத் தோன்றுகிறது. வீண் யோசனை, மழையில் வருவது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி ஒரு வளாகத்தில், உயரமான கம்பத்தின் உச்சியில் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் தலை. 1995-இல் ரசிகர்கள் வைத்தது. அவர் வில்னியஸுக்கு வந்ததே இல்லை. செய்த சிற்பி கான்ஸ்டான்டினாஸ் பொக்டானாஸ், சோவியத் நாட்களில் லெனினையும் கட்சித் தலைவர்களையும் செய்து பழகிய கை. அந்தப் பயிற்சி ஸாப்பாவின் தாடையில் தெரிகிறது. அத்தனை கம்பீரம் அவருக்கே தெரிந்திருந்தால் சிரித்திருப்பார். ஸ்விர்காவின் பூங்காவில் தனியாக நின்ற எனக்கு, இங்கே படமெடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

நாளைக் காலை கௌனாஸுக்கு ரயில். அங்கே மைரோனிஸ் இலக்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. போருக்கு முந்தைய நூல்களின் முதல் பதிப்புகளைக் காட்சிக்கு வைத்திருந்தால், 1934-ஆம் ஆண்டு அலமாரியைத்தான் முதலில் தேடப் போகிறேன்.